1913 வேல்ஸ்: நிலக்கரி உச்சம் தொட்ட வருடமும் செங்ஹெனித் வெடிப்பும் – சட்டம் இருந்ததா, இல்லையா?

#1 மேகலை
1913 என்ற ஒரே வருடத்தை எடுத்துக்கொண்டு வேல்ஸ் பொதுவாழ்வுக்கு ஒரு காலவரிசை போட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை சேர்ந்தவை:

ஜனவரி: தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி நோய்க்காலப் பணமும் மருத்துவமும் கிடைக்கத் தொடங்கின.
பிப்ரவரி: வேல்ஸில் திருச்சபையை அரசிலிருந்து பிரிக்கும் மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது.
ஜூன்: தென் துருவம் போய்த் திரும்பும் வழியில் இறந்த ஸ்காட் இல்லாமல் அவருடைய டெரா நோவா கப்பல் கார்டிஃபுக்குத் திரும்பியது.
ஜூலை: பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் தபால் பெட்டிக்குத் தீ வைத்ததற்காக மார்கரெட் ஹெய்க் தாமஸ் அஸ்க் சிறையில்.
அக்டோபர் 14: செங்ஹெனித் சுரங்க வெடிப்பு.
வருட மொத்தம்: தெற்கு வேல்ஸ் நிலக்கரி 5 கோடியே 68 லட்சம் டன். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

செங்ஹெனித் வரியில் "பாதுகாப்புச் சட்டங்கள் இல்லாத காலம் என்பதால்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அது நிற்குமா? தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

#2 சட்டப்புள்ளி
நிற்காது. அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள்.

1911 நிலக்கரிச் சுரங்கச் சட்டம் அந்த நேரத்தில் உலகிலேயே விரிவான சுரங்கச் சட்டங்களில் ஒன்று. காற்றில் மீத்தேன் 2½ சதவீதம் ஆனால் ஆட்களை வெளியேற்ற வேண்டும். திறந்த சுடர் விளக்கு பயன்படும் இடத்தில் 1¼ சதவீதத்திலேயே வெளியேற்றம். மின்சாரம் போகும் இடத்திலும் 1¼ ஆனால் மின்னோட்டத்தை நிறுத்த வேண்டும். கரித்தூளைத் தரையிலிருந்து மட்டுமல்ல, கூரை, பக்கச்சுவர் எல்லாவற்றிலிருந்தும் அகற்ற வேண்டும். மேலே இருக்கும் விசிறி, காற்றோட்டத்தின் திசையைத் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும். மீட்பு நிலையங்களுக்கு 1910-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

விசிறி விஷயத்துக்குக் கெடு 1913 ஜனவரி 1. யுனிவர்சல் சுரங்கம் (செங்ஹெனித் சுரங்கத்தின் பெயர் அதுதான்) அந்தத் தேதிக்குள் செய்யவில்லை. சுரங்க ஆய்வுத் துறை செப்டம்பர் வரை நீட்டிப்பு கொடுத்தது. செப்டம்பரும் போனது, வேலை முடியவில்லை. அக்டோபர் 14 காலை எட்டு மணி தாண்டி வெடித்தது.

439 தொழிலாளர்கள், மீட்கப் போனவர்களில் ஒருவர். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய சாவு எண்ணிக்கை கிடையாது.

#3 மேகலை
அப்படியானால் விசிறி திரும்பியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று எழுதலாமா?

#4 குழிக்கணக்கன்
அவசரப்படாதீங்க, அது அவ்வளவு நேரான கணக்கு கிடையாது. முதல்ல குழியோட அமைப்பைப் பாருங்க.

ரெண்டு குழி. லாங்காஸ்டர், யார்க்னு பேர். ரெண்டும் சுமார் 1,950 அடி ஆழம். லாங்காஸ்டர் வழியா நல்ல காற்று இறங்கும், உள்ளே எல்லா வேலையிடங்களையும் சுத்திட்டு யார்க் வழியா ஏறும். விசிறி யார்க் தலைப்பில் உட்கார்ந்து உறிஞ்சும். உள்ளே காற்று தானா எங்கேயும் போயிடாது. கதவு வெச்சு, கான்வாஸ் திரை தொங்கவிட்டு, போற காற்றும் வர்ற காற்றும் கலக்காம இருக்க மேல்பாலம் மாதிரி குறுக்குவழி கட்டி, பிடிச்சுத்தான் கொண்டுபோகணும். வேலைப் பகுதிகளுக்கு மாஃபெகிங், லேடிஸ்மித், கிம்பர்லி, பிரிட்டோரியான்னு போயர் போர் ஊர்ப் பேர். வெட்டின காலம் அந்தப் போர்க் காலம்.

வெடிப்பு மேற்குப் பக்கத்தில். அலை லாங்காஸ்டர் குழி வழியா மேலே வரைக்கும் வந்து குழித் தலைப்பையே பிச்சு எறிஞ்சது, குழிவாயில் நின்ற பணியாள் ஒருத்தர் தரைமேலேயே செத்தார். கீழே லாங்காஸ்டர் அடிவாரத்தில் மரம் பத்திக்கிச்சு. இங்கதான் சிக்கல்: அது காற்று உள்ளே நுழையுற வாசல். விசிறி ஓட ஓட, அந்தத் தீயோட புகை நேரா மேற்கே ஆள் இருக்கிற பக்கம் போகும். திசையைத் திருப்பினா லாங்காஸ்டர் ஏறு குழி ஆயிடும், புகை மேலே போயிடும். சட்டம் நினைச்சது இந்தச் சூழ்நிலையைத்தான்.

ஆனா வெடிச்ச குழி வேற, வெறும் தீப்பிடிச்ச குழி வேற. வெடிப்பில் கதவு, திரை, குறுக்குவழி எல்லாம் சிதறிப்போச்சு. காற்றுக்குக் குறுக்கே தடுப்பே இல்லாட்டி அது கிட்டத்து வழியா இறங்கு குழியிலிருந்து ஏறு குழிக்கு ஓடிடும், தூரத்தில் கரி வெட்டுற முகப்புக்கு எட்டவே எட்டாது. எந்தப் பக்கம் ஓட்டினாலும் அதே கதை. அதோட, திருப்பினா ஏற்கெனவே கடந்துபோன நச்சு வாயு திரும்பி உயிரோட இருக்கிறவங்க மேலேயே வரலாம், புது மீத்தேன் தீப்பக்கம் இழுபட்டு ரெண்டாவது வெடிப்பும் வரலாம். மேலாளர் எட்வர்ட் ஷா விசாரணையில், வசதி இருந்திருந்தாலும் திருப்பியிருக்க மாட்டேன்னுதான் சொன்னார்.

#5 சட்டப்புள்ளி
> வசதி இருந்திருந்தாலும் திருப்பியிருக்க மாட்டேன்

வசதியே செய்து வைக்காதவர் அதைச் சொல்வது சட்டத்தில் வாதமாகாது. திருப்புவதா வேண்டாமா என்று அந்த நிமிடத்தில் முடிவெடுக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பதுதான் பிரிவின் நோக்கம். இங்கே முடிவெடுக்க எதுவுமே இல்லை.

#6 குழிக்கணக்கன்
அதில் உங்க கட்சிதான் நான். "திருப்பியிருந்தா இத்தனை பேர் பிழைச்சிருப்பாங்க"ன்னு எண்ணிக்கை போடாதீங்கன்னு மட்டும்தான் சொல்றேன்.

#7 செந்தூரன்
சாவுகளில் பெரும்பகுதி ஏன் மேற்கில்? கிழக்கில் வேலை செய்த நூற்றுக்கணக்கானோர் ஏறி வந்துவிட்டார்களே. தூள் வெடிப்பு என்றால் எல்லா இடமும் பரவாதா?

#8 குழிக்கணக்கன்
பரவுறதுக்குத் தூள் தொடர்ச்சி வேணும். நடுவில் நனைஞ்ச இடமோ, குழியடி மாதிரி அகலமான இடமோ வந்தா அலை மூச்சு விட்டுடும். ஆனா தொடர்ச்சி இருந்தா எவ்வளவு தூள் போதும்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க, வயித்தைக் கலக்கும்.

ஒரு பாதை 3 மீட்டர் அகலம், 2½ மீட்டர் உயரம்னு வைங்க. குறுக்குவெட்டு 7½ சதுர மீட்டர். நல்ல மெல்லிய கரித்தூள் கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம் மிதந்தாலே வெடிக்கும் எல்லைக்கு வந்துடும். அப்போ ஒரு மீட்டர் நீளப் பாதைக்கு 375 கிராம். அதை அந்த ஒரு மீட்டரோட தரை, கூரை, ரெண்டு பக்கம், மொத்தம் 11 சதுர மீட்டரில் பரப்பினா சதுர மீட்டருக்கு 34 கிராம். படிஞ்ச தூளோட அடர்த்தி தண்ணியில் பாதின்னு எடுத்தா, தடிமன் 0.07 மில்லிமீட்டர். நோட்டுப் புத்தகத் தாளைவிட மெல்லிசு. விரலால கோடு போட்டா கோடு தெரிஞ்சதுன்னா போதும், அந்தப் பாதை வெடிக்கும்.

முதல் மீத்தேன் வெடிப்பு சின்னதா இருக்கலாம். அதோட அழுத்த அலை தீயைவிட முன்னால ஓடி, கூரைக் கட்டையிலும் பக்கத்திலும் ஒட்டின தூளை உதறி விடும். பின்னால வர்ற சுடர் அதைப் பத்த வைக்கும். அது புது அலை. இப்படியே தன்னைத்தானே தள்ளிட்டுப் போகும்.

அதனால தரையை மட்டும் கூட்டினா பயன் இல்லை. காலடியில் மிதிபடுற தூள் கல்மண்ணோட கலந்து கனமா இருக்கும். கூரைக் கட்டைக்கு மேலே படியிறதுதான் மாவு மாதிரி மெல்லிசு. அதைத்தான் யுனிவர்சல்ல விட்டுட்டாங்க.

#9 செந்தூரன்
தண்ணீர் தெளித்திருக்கலாமே?

#10 குழிக்கணக்கன்
தெளிக்கச் சொல்லித்தான் 1901 அறிக்கையிலேயே இருந்தது. ஆமா, இதே சுரங்கம், 1901 மே 24-லும் வெடிச்சது. 81 பேர். காற்றில் மிதந்த தூள்தான் பெருசாக்கிச்சுன்னு அப்பவே தெரியும்.

தெளிக்கிறதில் உள்ள பாடு வேற. தெற்கு வேல்ஸ் கூரையும் தரையும் களிக்கல். நனைஞ்சா ஊதும், தரை மேலே எழும்பித் தண்டவாளம் தூக்கும், கூரை உதிரும். மேலாளர்களுக்குத் தண்ணி ஆகாததுக்கு அது ஒரு காரணம். இன்னொண்ணு, கரித்தூள் மேலே விழுற துளி உள்ளே இறங்காது. சேம்பு இலையில தண்ணி விட்ட மாதிரி உருண்டு நிக்கும். வேகமான காற்று ஒரு ஷிஃப்டுக்குள்ள காய வெச்சிடும். தெளிச்சதுன்னு பேரேட்டில் இருக்கும், பாதை காய்ஞ்சு கிடக்கும்.

சரியான மருந்து கல்தூள். சுண்ணாம்புக்கல்லோ களிக்கல்லோ மாவா அரைச்சு எல்லாப் பரப்பிலும் தூவிட்டா, அலை உதறும்போது அதுவும் சேர்ந்து பறக்கும், சுடரோட சூட்டைக் குடிச்சிடும். யார்க்‌ஷயர் ஆல்டாஃப்ட்ஸில் சுரங்கப் பொறியாளர் கார்ஃபோர்த் 1908-லிருந்து இரும்புக் குழாய்க்குள்ள வெடிக்க வெச்சுக் காட்டிட்டார். கட்டாயம் ஆனது 1920-ல்தான்.

இதில் கசப்பான விஷயம்: கரித்தூள் தனியாகவே வெடிப்பை வளர்க்கும்னு 1870-களிலேயே சொன்னவர் வில்லியம் காலவே. தெற்கு வேல்ஸிலேயே சுரங்க ஆய்வாளரா இருந்தவர்.

#11 வல்லிக்கண்ணு
ஒரு குறுக்குக் கேள்வி. செங்ஹெனித்தில் வெட்டியது நீராவிக் கரி, புகையில்லாதது, கப்பற்படை விரும்பி வாங்கியது என்கிறார்கள். புகை குறைவென்றால் எரிவாயுப் பங்கு (சூடாக்கினால் கரியிலிருந்து வெளிவரும் வாயு) குறைவு. தூள் வெடிக்கும் தன்மையும் குறைய வேண்டாமா?

#12 குழிக்கணக்கன்
நல்ல கேள்வி. குறையும், ஆனா போதுமான அளவு குறையாது. தெற்கு வேல்ஸ் கரி வயலோட மேற்குப் பக்கம், அந்த்ரசைட்ங்கிற கடினக் கரி கிடைக்கிற பகுதியில் தூள் வெடிப்பு பெரும்பாலும் வராது, எரிவாயுப் பங்கு அங்க பத்து சதவீதத்துக்குக் கீழே. நீராவிக் கரி நடுவில் நிக்குது. கொதிகலனுக்கு அருமை, தூளுக்கும் போதுமான எரிவாயு உண்டு. மேலும் அந்தக் கரி உதிரும் ஜாதி, அந்த அடுக்கிலேயே மீத்தேனும் நிறைய. விலை கொடுத்த குணமும் ஆளைக் கொன்ன குணமும் ஒரே அடுக்கில்.

கொழும்பு, ஏடன் கப்பல் கரி நிலையங்களில் குவிச்சு வெச்சது இந்தக் கரிதான். பாரி துறைமுகம் ஒண்ணே 1913-ல் 1 கோடியே 10 லட்சம் டன் ஏத்தியது. மேகலை, உங்க பட்டியலில் டன்னுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் டன்னுன்னு போடுங்க, 1,016 கிலோ. மெட்ரிக்ல எடுத்தா 5 கோடியே 77 லட்சம் வரும், யாராவது வந்து தப்புன்னு சண்டை போடுவாங்க.

#13 மேகலை
குறித்துக்கொண்டேன். தீப்பொறி எது என்று முடிவானதா?

#14 பொறிவாயன்
முடிவாகவில்லை. விசாரணை நடத்தியது தலைமைச் சுரங்க ஆய்வாளர் ரிச்சர்ட் ரெட்மெய்ன். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர்: முதலாளிகள் தரப்பில் எவன் வில்லியம்ஸ், தொழிலாளர் தரப்பில் ராபர்ட் ஸ்மைலி. தொடக்கப் புள்ளி பற்றி மூவரும் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் மின்மணி மேல் விழுந்த சந்தேகம் மின் பொறியியலையே மாற்றியது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுரங்கப் பாதையில் கயிறு இழுக்கும் இயந்திரம் ஓரிடத்தில் இருக்கும். கரி வண்டிகள் கால் மைல், அரை மைல் தள்ளி. வண்டியோடு போகிறவர் எந்த இடத்திலிருந்தும் "நிறுத்து", "இழு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பாதை நெடுக இரண்டு வெற்றுக் கம்பிகள் இணையாகப் போகும். உறை கிடையாது, வேண்டுமென்றே. கத்தியோ அரமோ எது கையில் இருக்கிறதோ அதை இரண்டு கம்பிக்கும் குறுக்கே வைத்தால் சுற்று முடிந்து தூரத்தில் மணி அடிக்கும். மின்சாரம் தருவது சில ஈர மின்கலங்கள். கையால் தொட்டாலும் ஷாக் அடிக்காது. அதனால் ஆபத்தில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தவறு எங்கே? மணிக்குள் ஒரு மின்காந்தச் சுருள், ஓர் இரும்பு நாக்கு, ஒரு தொடுமுனை. நாக்கு இழுபட்டவுடன் தொடுமுனை பிரியும், சுற்று அறும், நாக்கு திரும்பும், மறுபடி தொடும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறிவு. சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் அந்த முறிவு இடைவெளியில் பொறியாகக் கொட்டும். சுருளின் தூண்டல் 0.1 ஹென்றி, ஓட்டம் அரை ஆம்பியர் என்று உதாரணத்துக்கு வைத்தால் ஆற்றல் 12.5 மில்லிஜூல். மீத்தேன்–காற்றுக் கலவை பற்றுவதற்கு, சரியான விகிதத்தில், 0.3 மில்லிஜூல் அளவே போதும். பாதி வீணானாலும் இருபது மடங்கு மிச்சம். மின்கலத்தின் வோல்ட் குறைவு என்பது இங்கே காப்பாற்றாது, சுருள்தான் குற்றவாளி. கம்பியில் கத்தியை எடுக்கும்போதும் இதே பொறிதான்.

செங்ஹெனித்துக்குப் பிறகு நியூகாசில் பேராசிரியர் தார்ன்டனும் வீலரும் சோதித்து, எந்தெந்தச் சுற்று பற்ற வைக்கும், எது வைக்காது என்று அளந்து காட்டினார்கள். தீர்வு மலிவானது: மணிச் சுருளுக்கு இணையாகத் தூண்டல் இல்லாத ஒரு மின்தடையைக் கட்டினால், முறியும்போது ஆற்றல் அதற்குள் சுற்றி அடங்கிவிடும், பொறி சாகும். அதோடு மின்கல எண்ணிக்கைக்கும் வரம்பு. பொறி வந்தாலும் பற்ற வைக்க முடியாத அளவுக்குச் சுற்றையே பலவீனமாக வைப்பது என்ற கொள்கை அங்கிருந்து வந்தது. இன்று பெட்ரோலிய ஆலைகளில் 'இன்ட்ரின்சிக் சேஃப்டி' என்ற பெயரில் வைக்கும் கருவிகளுக்கெல்லாம் பாட்டன் இந்த மணி.

#15 செந்தூரன்
மீத்தேன் அவ்வளவு எங்கிருந்து வந்தது? காலையில் சோதித்திருப்பார்களே.

#16 குழிக்கணக்கன்
சோதிச்சாங்க. அதிகாலை 3 மணிக்கு ஃபயர்மேன்கள் இறங்கினாங்க (தீயணைப்பு ஆள்னு நினைச்சுடாதீங்க, வாயு பார்க்கிற மேற்பார்வையாளருக்கு அந்தப் பேர்). 5:10-லிருந்து 6 மணிக்குள்ள 950 பேர் இறங்கியாச்சு. அத்தனை மைல் பாதையை மூணு மணி நேரத்தில் முழுசா பார்த்திருக்க முடியுமாங்கிறது தனிக் கேள்வி.

பார்க்கிற விதம் இது. பாதுகாப்பு விளக்கோட திரியை இறக்கு, மஞ்சள் வெளிச்சம் போய் அடியில் நீலமா ஒரு பொட்டு மட்டும் நிக்கிற வரைக்கும். விளக்கைச் சாயாம மெதுவா கூரைப் பக்கம் ஏத்து, மீத்தேன் லேசு, மேலேதான் தேங்கும். சுடருக்கு மேல வெளிறின நீலத் தொப்பி ஒண்ணு தெரியும். 2 சதவீதத்துக்குக் கால் அங்குல அளவு, அதிகமாக ஆகத் தொப்பி நீண்டு கூம்பாகும். 5-ஐ நெருங்கினா விளக்குக் கூண்டு முழுக்க சுடர் நிரம்பும். அப்போ சட்டுனு இழுக்கக் கூடாது, இழுத்தா சுடர் வலைக்கு வெளியே தாவும். மெதுவா கீழே இறக்கணும். 1¼ சதவீதத்தைக் கண்ணால பிடிக்கிறது பழகின கண்ணுக்கே கஷ்டம். மின்சாரத்தை நிறுத்தணும்னு சட்டம் சொல்ற அளவு அதேதான், அதையும் கவனிங்க.

ஆனா காலை மூணு மணிக்குச் சுத்தமா இருந்த இடம் எட்டு மணிக்கு அப்படி இருக்கணும்னு இல்லை. கூரை சரிஞ்சா மேலே பிளவில் அடைஞ்சிருந்த வாயு ஒரே மூச்சில் கொட்டும். மாஃபெகிங் சரிவுப் பாதைப் பக்கம் கூரை விழுந்து வாயு வந்திருக்கணும்ங்கிறதுதான் பலமான ஊகம். இந்தச் சுரங்கத்தில் அது புதுசும் இல்லை. 1910 அக்டோபரில் கூரை சரிஞ்சு வாயு நிரம்பி எல்லாரையும் வெளியேத்தினாங்க. அப்போ பொறி இல்லை, அவ்வளவுதான்.

#17 வல்லிக்கண்ணு
எரிந்து இறந்தவர்களைவிட மூச்சடைத்து இறந்தவர்கள் அதிகமா?

#18 குழிக்கணக்கன்
வெடிப்பில் தப்பினவங்களைப் பொதுவா முடிக்கிறது கார்பன் மோனாக்சைடு. சுரங்க வழக்கில் வெடிப்புக்குப் பின் மிஞ்சுற வாயுவுக்கு ஆஃப்டர்டாம்ப்னு பேர். ரத்தச் சிவப்பணு ஆக்ஸிஜனைப் பிடிக்கிறதைவிட இருநூறு மடங்குக்கும் மேல இதை இறுக்கிப் பிடிக்கும். அதனால காற்றில் 0.2 சதவீதமே ஆளை வீழ்த்தும். ரோந்தாவில் டைலர்ஸ்டவுன் வெடிப்பு, 1896, 57 பேர். அந்த உடல்களைப் பார்த்துத்தான் உடலியல் அறிஞர் ஹால்டேன் இதை நிரூபிச்சார். தோல் செவசெவன்னு இருக்கும், தூங்குற மாதிரி. கூண்டில் கேனரிக் குருவி கொண்டுபோகச் சொன்னதும் அவர்தான். சின்ன உடம்பு, வேகமான மூச்சு, மனுஷனுக்கு முன்னால விழும். அந்தச் சில நிமிஷம்தான் மீட்பு ஆளுக்கு எச்சரிக்கை.

மீட்பிலேயும் நேரம் போச்சு. ஷா யார்க் வழியா இறங்கிப் போனது துணிச்சல், அதில் சந்தேகமே இல்லை. ஆனா அவர் மேலே வந்து 9:30 வாக்கில்தான் வெளி உதவிக்கு ஆள் போனது, குழுக்கள் வந்து சேர 11 ஆச்சு. அடிவாரத் தீக்குக் குழாயில் தண்ணி இல்லை, முதலில் கைத் தீயணைப்பான்தான். மேற்கிலிருந்து மறுநாள் விடியும் முன்னே 18 பேர் உயிரோட கிடைச்சாங்க. கெட்ட காற்று எட்டாத ஒரு மூலையில் இருந்தவங்க. அதுக்கப்புறம் யாரும் இல்லை.

#19 பொறிவாயன்
மூச்சுக் கருவி பற்றி ஒரு வரி: முதுகில் ஆக்ஸிஜன் உருளை, மார்பில் பை, பைக்குள் எரிசோடா. வெளிவிடும் கரியமில வாயுவை எரிசோடா உறிஞ்சும். சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். போகவும் வரவும் சேர்த்துத்தான் இரண்டு மணி. தீக்குப் பின்னால் முக்கால் மைல் தள்ளி இருப்பவரைத் தூக்கி வருவதற்கு அது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

#20 மேகலை
வழக்கு? 24 பவுண்டு என்று மட்டும் பல இடங்களில் பார்க்கிறேன்.

#21 சட்டப்புள்ளி
மரண விசாரணை ஜூரி விபத்து என்று தீர்ப்பு சொன்னது. பிறகு 21 குற்றச்சாட்டுகள்: ஷா மேல் 17, நிறுவனம் மேல் 4. கெர்ஃபில்லி நீதிபதிகள் முன் 1914-இல் விசாரணை. ஷாவுக்கு 24 பவுண்டு அபராதம். நிறுவனத்துக்குக் கடைசியில் 10 பவுண்டும் செலவுத்தொகை 5 பவுண்டு 5 ஷில்லிங்கும். அந்தப் பத்து பவுண்டு எதற்குத் தெரியுமா? காற்றைத் திருப்பும் வசதி செய்யாததற்கு.

24 பவுண்டு என்றால் 480 ஷில்லிங். 439-ஆல் வகுத்தால் தலைக்கு 1 ஷில்லிங் 1 பென்னி சொச்சம். அந்தக் காலத்துப் பத்திரிகையே இந்தக் கணக்கைப் போட்டது.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதிதான். நிறுவனத்தின் கையைக் கடித்திருக்க வேண்டியது அபராதம் அன்று, 1906 தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். இறந்தவரைச் சார்ந்தவர்களுக்கு மூன்று வருடக் கூலி, 150 பவுண்டுக்குக் குறையாமல், 300-க்கு மேற்படாமல். 439 பேருக்கும் உச்சம் கொடுத்தாலும் 1,31,700 பவுண்டு. பெரிய தொகைதான். ஆனால் முதலாளிகள் கூட்டுக் காப்பீட்டில் அந்தச் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ள முடியும். ஒரு சுரங்கம் மட்டும் விசிறி வேலையைத் தள்ளிப்போட்டால் மிச்சம் அதற்கு, வெடித்தால் செலவு எல்லோருக்கும்.

#22 செந்தூரன்
முதலாளி யார்?

#23 சட்டப்புள்ளி
லூயிஸ் மெர்த்தர் நிறுவனம். தலைவர் வில்லியம் தாமஸ் லூயிஸ். 1911-இல் பிரபு பட்டம் வாங்கியபோது அவர் எடுத்த பெயரே "செங்ஹெனித்தின் மெர்த்தர் பிரபு".

#24 வல்லிக்கண்ணு
மேகலையின் பட்டியலில் இருக்கும் மற்ற வரிகளும் இதோடு ஒட்டுகின்றன. சுரங்க ஆய்வுத் துறை உள்துறையின் கீழ். 1913-இல் உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மெக்கென்னா, வடக்கு மான்மத் தொகுதி உறுப்பினர். திருச்சபைப் பிரிப்பு மசோதாவை 1912-இல் கொண்டு வந்தவரும் அவரே. சிறையில் உண்ணாவிரதம் இருக்கும் வாக்குரிமைப் போராட்டப் பெண்களை விடுவித்து, உடல் தேறியதும் மறுபடி பிடிக்கும் ஏப்ரல் 1913 சட்டமும் அவருடையதே. ஜூலையில் அஸ்க் சிறையில் உண்ணாவிரதம் இருந்த மார்கரெட் யாருடைய மகள்? கேம்பிரியன் சுரங்கக் கூட்டின் டி. ஏ. தாமஸ் மகள். ஆக உங்கள் ஆறு வரியில் மூன்று ஒரே மேசையைத் தொடுகின்றன.

நாடாளுமன்ற நேரம் எதில் போனது என்பதும் அதில் தெரியும். திருச்சபை மசோதா பிப்ரவரியில் தள்ளப்பட்டது, ஜூலையில் மறுபடி. 1911 நாடாளுமன்றச் சட்டப்படி மூன்று கூட்டத்தொடரில் கீழவை நிறைவேற்றினால் பிரபுக்கள் தடுக்க முடியாது. 1914 செப்டம்பரில் சட்டமாகி, போரால் தள்ளிப்போய், 1920-இல் நடைமுறைக்கு வந்தது. 1913 அக்டோபர் 11 அன்று நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் பெட்ஃபோர்டில் நிலச் சீர்திருத்தப் பிரசாரத்தைத் தொடங்கினார். வேல்ஸ் அரசியலின் வாய் முழுக்க அப்போது நிலமும் திருச்சபையும். சுரங்கம் தொழிற்கட்சியின் கீர் ஹார்டி மாதிரி சிலர் வாயில்தான்.

#25 குழிக்கணக்கன்
> ஒரே மேசையைத் தொடுகின்றன

மேசையைச் சொல்றதில் கவனம். நீட்டிப்புக் கொடுக்கிறது அமைச்சர் கையெழுத்துன்னு வாசிக்கிறவங்க நினைச்சிடுவாங்க. கொடுத்தது ஆய்வுத் துறை. சுரங்க எண்ணிக்கைக்கு ஆய்வாளர் எண்ணிக்கை எட்டாத காலம் அது. கெடு தாண்டின இடத்துக்குத் திரும்பிப் போய் விசிறிக் கதவைத் திறந்து பார்க்க ஆள் வேணும்.

#26 வல்லிக்கண்ணு
ஏற்கிறேன். "அவர் துறையின் கீழ்" என்று மட்டும் வைத்துக்கொள்வோம்.

#27 மேகலை
எல்லோருக்கும் நன்றி. "சட்டங்கள் இல்லாத காலம்" போய்விட்டது. இப்போது வரிசை இப்படி:

ஜனவரி 1: காற்றோட்டத் திசையைத் திருப்பும் வசதிக்குக் கெடு. யுனிவர்சல் சுரங்கம் செய்யவில்லை.
செப்டம்பர்: யுனிவர்சலுக்குக் கொடுத்த நீட்டிப்பு முடிந்தது. வேலை முடியவில்லை.
அக்டோபர் 14: வெடிப்பு. 439 தொழிலாளர், மீட்பாளர் ஒருவர். 205 பெண்கள் கணவரை இழந்தார்கள், 542 குழந்தைகள் தந்தையை இழந்தார்கள். இறந்தவர்களில் எட்டுப் பேருக்கு வயது 14.

24 பவுண்டையும் கீழேயே போடட்டுமா?

#28 சட்டப்புள்ளி
அபராதம் 1914. உங்கள் பட்டியல் 1913. அடிக்குறிப்பில் வையுங்கள், பத்து பவுண்டு எந்தப் பிரிவுக்கு என்பதையும் சேர்த்து.